ஏழு வயசுக் குழந்தைக்கு இ.எம்.ஐ. போட்டு கோடிங் எதுக்கு?

1.
போன மாசம் ஒரு நைட் டியூட்டி. ராத்திரி 2 மணி தாண்டி கேஷுவாலிட்டி கொஞ்சம் ஓய்ஞ்ச நேரம். எங்க ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தங்க தயங்கித் தயங்கி வந்தாங்க. "சார், ஒண்ணு கேக்கலாமா?" ஏதோ பேஷண்ட் விஷயம்னு நினைச்சேன். "பையன் ரெண்டாவது படிக்கிறான் சார். ஆன்லைன்ல கோடிங் கிளாஸ் சேத்துவிட்டேன். இப்ப நிறுத்தினா அவன் மூளை வளர்ச்சி பாதிக்கும்னு சொல்றாங்க. நிஜமா சார்?"

2.
விசாரிச்சேன். மொத்தம் 36 ஆயிரம் ரூபாய். கையில் காசு இல்லைன்னு சொன்னதும் விற்பனை செய்தவரே லோன் ஏற்பாடு பண்ணிட்டார். மாசம் 3,000, பன்னிரண்டு மாசம், அக்கவுண்டில் இருந்து தானா போயிடும். அவங்க வாங்கும் தொகுப்பூதியம் 18 ஆயிரம். ஆறில் ஒரு பங்கு, ஏழு வயசுப் பையனின் கோடிங்குக்கு.

3.
இதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு. வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஸ்மார்ட்போன். அது அம்மா கையில். கிளாஸ் சாயங்காலம் 6 மணிக்கு. அம்மாவுக்கு மதிய ஷிஃப்ட் என்றால் போனும் டியூட்டிக்கு வந்துடும். கிளாஸ் "முடிஞ்சதா" கணக்காகிடும். பணத்தைத் திருப்பிக் கேட்டதுக்கு வந்த பதில்தான் அந்த "மூளை வளர்ச்சி பாதிக்கும்".

4.
அன்னைக்கு வந்த கோபத்தில்தான் இந்த நீண்ட த்ரெட். நான் குழந்தைகள் நல நிபுணர் இல்லை. கம்ப்யூட்டர் ஆளும் இல்லை. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் சாதாரண எம்.பி.பி.எஸ். டாக்டர். வீட்டில் ஏழு வயசுப் பெண் குழந்தைக்கு அப்பா. இந்த ரெண்டு தகுதியோடு பேசுறேன்.

5.
முதல்லயே சொல்லிடுறேன். கோடிங் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. அது அருமையான திறமை. விருப்பமுள்ள குழந்தை கண்டிப்பா கத்துக்கணும். நான் எதிர்ப்பது, பயத்தை விற்பதை. "இப்ப சேக்கலைன்னா உங்க குழந்தை பின்தங்கிடும்" என்று ஒரு தாயிடம் சொல்லி 36 ஆயிரம் வாங்குவதை.

6.
நானும் யோக்கியன் இல்லை. ரெண்டு வருஷம் முன்னாடி பாப்பா பிறந்தநாளுக்கு 4,500 ரூபாய்க்கு ஒரு ரோபோ கிட் வாங்கினேன். "ஸ்டீம் லேர்னிங்"னு பெட்டியில் போட்டிருந்தது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கலை, கணிதம், அஞ்சும் ஒரே பெட்டியில்! நான் உட்கார்ந்து கோத்தேன், பாப்பா பார்த்தா. ஒரு நாள் ஓடிச்சு. இப்போ பீரோ மேல் தூசி படிஞ்சு கிடக்கு. அதில் எதையாவது கத்துக்கிட்டது நான்தான்.

7.
சரி, அந்த "மூளை" கதைக்கு வருவோம். எனக்கும் இதே மாதிரி ஒரு போன் வந்திருக்கு. "சார், 6 வயசுக்குள்ள 90 பர்சென்ட் மூளை வளர்ந்து முடிஞ்சிடும். இந்த ஜன்னல் மூடிட்டா அப்புறம் திறக்காது." நான் டாக்டர்னு சொன்னதும் லைன் கட். ஒரு நர்ஸையே இப்படி மிரட்ட முடியுதுன்னா, மத்தவங்க நிலைமை?

8.
இது பாதி உண்மை. பாதி உண்மைதான் முழுப் பொய்யைவிட ஆபத்து. 5, 6 வயசுக்குள் மூளையின் அளவு பெரியவர்களின் மூளை அளவில் சுமார் 90 சதவீதத்தை எட்டிடும். இது சைஸ் கணக்கு. வீட்டுக்குச் சுவர் எழுப்பியாச்சுன்னு அர்த்தம். உள்ளே ஒயரிங், பிளம்பிங், பூச்சு எல்லாம் அதுக்கப்புறமும் நடந்துக்கிட்டேதான் இருக்கு.

9.
திட்டமிடுறது, யோசிச்சு முடிவெடுக்கிறது, ஆசையை அடக்குறது, இதையெல்லாம் பார்த்துக்கும் நெற்றிப் பக்க மூளைப்பகுதி முழுசா முதிர்ச்சியடைய 25 வயசுக்குப் பக்கத்தில் ஆகிடும். நிரல் எழுதத் தேவைப்படுவதே இந்தத் திறமைகள்தான். 7 வயசில் கோடிங் தெரியலைன்னா மூடிக்கும் ஜன்னல்னு ஒண்ணு மருத்துவத்தில் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டரையே தொடாம, காலேஜில் முதல் முறை தொட்டு, இன்னைக்கு சோழிங்கநல்லூரில் டீம் லீடா இருக்கும் ஆட்கள் உங்க சொந்தத்திலேயே இருப்பாங்க.

10.
சின்ன வயசில் மூளைக்கு நிஜமா என்ன வேணும்? நல்ல சாப்பாடு. ரத்தசோகை இல்லாம இருக்கணும். தூக்கம். ஓடியாடுறது. முகம் பார்த்துப் பேச ஒரு ஆள். எங்க ஓ.பி.க்கு வரும் குழந்தைகளின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தா வெளுத்துக் கிடக்கு. அதுக்கு இரும்புச்சத்து மருந்தும் முருங்கைக்கீரையும் முட்டையும் போதும். அதுக்கு யாரும் டெமோ கிளாஸ் நடத்துறதில்லை.

11.
அடுத்த வாதம்: "கோடிங் கத்துக்கிட்டா சிந்திக்கும் திறன் வளரும்." இது இன்னைக்கு நேத்து வந்த பேச்சு இல்லை. 1967லேயே குழந்தைகளுக்காக லோகோ என்ற நிரல்மொழி உருவாச்சு. உருவாக்கினவர்களில் முக்கியமானவர் சீமோர் பேப்பர்ட். கணித மேதை, ஜெனீவாவில் பியாஜேயோடு வேலை பார்த்தவர். லோகோவில் 'ஆமை' ஒண்ணு உண்டு. முன்னே போ, வலது பக்கம் திரும்புன்னு சொன்னா அது நகர்ந்து கோடு போடும்.

12.
1984இல் ராய் பீ, மிடியன் கர்லாண்ட் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. ஒரு வருஷம் லோகோ கத்துக்கிட்ட குழந்தைகள், வேற வேலைகளைத் திட்டமிடுவதில் மத்த குழந்தைகளைவிட முன்னே இல்லைன்னு தெரிஞ்சது. கோடிங் கத்துக்கிட்டா கோடிங் வரும். மத்ததெல்லாம் தானா வந்து ஒட்டிக்காது.

13.
நியாயமா மறுபக்கத்தையும் சொல்லணும். 2019இல் நூத்துக்கு மேற்பட்ட ஆய்வு முடிவுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பாய்வு வந்தது. படைப்புச் சிந்தனை, கணிதம் மாதிரி சில விஷயங்களில் பலன் இருக்குன்னு அது சொல்லுது. ஆனா பள்ளிப் படிப்பு, மொழித்திறன் ரெண்டுக்கும் கிடைக்கும் பலன்தான் இருப்பதிலேயே குறைவு. "கோடிங் படிச்சா எல்லாப் பாடத்திலும் முதல் மார்க்"னு விக்கிறவங்க இதைச் சொல்லுவாங்களா?

14.
பேப்பர்ட் சொன்னதில் இந்த வியாபாரிகள் வசதியா மறந்த விஷயம் ஒண்ணு உண்டு. அந்த ஆமை முதலில் தரையில் ஓடின ஒரு நிஜ பொம்மை. குழந்தைக்கு வழி தெரியலைன்னா அவர் சொன்ன வைத்தியம், "நீயே ஆமையா மாறி நடந்து பார்." அதாவது கை, கால், உடம்பு வழியா யோசி. அங்க ஆரம்பிச்ச விஷயத்தை இன்னைக்கு ஆறு அங்குலத் திரைக்குள்ள, ஒரு மணி நேரம் அசையாம உக்கார வச்சு விக்கிறாங்க.

15.
விளம்பரங்களின் லட்சணமும் தெரிஞ்சதுதான். 2020இல் ஒரு பிரபல கோடிங் கம்பெனியின் அஞ்சு விளம்பரங்கள் விதிமுறைக்கு ஒத்துவரலைன்னு இந்திய விளம்பரத் தர கவுன்சில் சொல்லி, கம்பெனி திரும்ப வாங்கிக்கிச்சு. 2021 டிசம்பரில் மத்திய கல்வி அமைச்சகமே பெற்றோருக்கு அறிவுரை வெளியிட்டுச்சு: இலவசம்னு சொல்றதை நம்பிடாதீங்க, அக்கவுண்டில் தானா பணம் எடுக்கும் வசதிக்கு யோசிக்காம ஒப்புக்காதீங்க, கடனுக்குக் கையெழுத்து வாங்குறாங்களான்னு பாருங்க.

16.
அதே 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை கோடிங்கை எங்க வைக்குது தெரியுமா? நடுநிலை வகுப்புகளில். அதாவது ஆறாவதுக்கு மேல். அந்தக் கொள்கையில் எனக்கு ஆயிரம் முரண்பாடு உண்டு, அது தனிக்கதை. ஆனா "தேசியக் கொள்கையே சொல்லிடுச்சு"ன்னு எல்.கே.ஜி. பிள்ளையின் அப்பாவிடம் விக்கிறது சுத்தப் பித்தலாட்டம்.

17.
இப்ப என் ஏரியா. கண். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல்: 2 வயசுக்குள் திரையே வேண்டாம். 2 முதல் 5 வயசு வரை ஒரு மணி நேரம், அதுவும் பெரியவங்க கூட இருந்து. 5 முதல் 10 வயசு வரை 2 மணி நேரத்துக்குக் கீழே, எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லது. 'கல்வி'ன்னு பேர் வச்சதால் திரை வேற திரை ஆகிடாது. கண்ணுக்கு பாடமும் கார்ட்டூனும் ஒண்ணுதான்.

18.
2015இல் ஜாமா மருத்துவ இதழில் சீனாவின் குவாங்சோ நகர ஆய்வு ஒண்ணு வந்தது. ஒண்ணாம் வகுப்புக் குழந்தைகளை தினமும் கூடுதலா 40 நிமிஷம் வெளியே விட்டாங்க. அவ்வளவுதான். மூணு வருஷம் கழிச்சு, அந்தப் பள்ளிகளில் கிட்டப்பார்வை புதுசா வந்தவங்க 30.4 சதவீதம். வழக்கம் போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். சாயங்கால வெயிலுக்கு இ.எம்.ஐ. கிடையாது.

19.
அடுத்தது, கிட்டுகள். இது என் கண் முன்னாடி நடந்தது. ஒரு ஞாயித்துக்கிழமை, ரெண்டு வயசுக் குழந்தையைத் தூக்கிட்டு பாட்டி ஓடி வந்தாங்க. "டாக்டர் தம்பி, பால் குடிச்சா வெளிய வந்துடுது. எச்சில் ஒழுகிட்டே இருக்கு." காய்ச்சல் இல்லை. தொண்டையில் ஒண்ணும் தெரியலை. கூட வந்த அண்ணன்காரன், எட்டு வயசு, மெதுவா சொன்னான்: "என் சயின்ஸ் கிட்ல இருந்த பேட்டரி ஒண்ணைக் காணோம்."

20.
எக்ஸ்ரே எடுத்தோம். மார்புக் கூட்டின் மேல் பக்கம், வட்டத்துக்குள் வட்டமா ரெட்டை விளிம்பு. நாணயம்னா ஒரே விளிம்பு தெரியும். இது பட்டன் பேட்டரி. 20 மில்லிமீட்டர், 3 வோல்ட். உணவுக்குழாயில் சிக்கி நிக்குது. உடனே 108இல் ஏத்தி மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். எண்டோஸ்கோப்பி பண்ணி எடுத்தாங்க. பிள்ளை பிழைச்சது. அண்ணன்காரன் வாயைத் திறக்காம இருந்திருந்தா?

21.
எல்லாப் பெற்றோரும் இதை மட்டுமாவது மனசில் வைங்க. பட்டன் பேட்டரி தொண்டையிலோ உணவுக்குழாயிலோ மாட்டினா, உள்ளே இருக்கும் ஈரத்தில் மின்சாரம் ஓடி, அந்த இடத்தில் காரம் உண்டாகி சதையை அரிக்கும். 2 மணி நேரத்துக்குள் கடுமையான காயம் உண்டாகலாம். பேட்டரி 'தீர்ந்து போனது' என்றாலும் ஆபத்துதான். வாந்தி எடுக்க வைக்காதீங்க. வாழைப்பழம், சோத்து உருண்டை கொடுத்துத் தள்ளப் பார்க்காதீங்க. நேரா ஆஸ்பத்திரி.

22.
ஒரு வயசுக்கு மேற்பட்ட குழந்தை, முழுங்கி 12 மணி நேரத்துக்குள், முழுங்க முடியுது, வீட்டில் தேன் கையிலேயே இருக்குன்னா, வர்ற வழியில் 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். அதிகபட்சம் 6 தடவை. அரிப்பைக் கொஞ்சம் தணிக்கும். தேன் வாங்கக் கடைக்குப் போய் நேரத்தை விடாதீங்க. ஒரு வயசுக்குக் கீழ் தேன் கூடவே கூடாது.

23.
சின்னச் சின்ன காந்த உருண்டைகளும் அப்படித்தான். ரெண்டு உருண்டை முழுங்கினா, குடலின் வேற வேற மடிப்பில் இருந்துக்கிட்டு ஒண்ணை ஒண்ணு இழுக்கும். நடுவில் மாட்டின குடல் சுவர் ரத்த ஓட்டம் நின்னு ஓட்டையாகும். வீட்டில் 5 வயசுக்குக் கீழ் குழந்தை இருந்தா, காந்த உருண்டை, பட்டன் பேட்டரி இருக்கும் எந்தக் 'கல்வி' கிட்டும் வேண்டாம். பெட்டியில் எத்தனை ஸ்டார் போட்டிருந்தாலும் வேண்டாம்.

24.
"குறை மட்டும் சொல்றீங்களே டாக்டர், நாங்க என்னதான் பண்றது?" நியாயமான கேள்வி. என் வீட்டில் ஒரு வருஷமா நடப்பதைச் சொல்றேன். எதுக்கும் 50 ரூபாய்க்கு மேல் ஆகாது. போனும் வேண்டாம். ஆனா ஒண்ணு வேணும், உங்க நேரம். வாரத்துக்கு ரெண்டு நாள், அரை மணி நேரம்.

25.
விளையாட்டு ஒண்ணு: அப்பா ரோபோ.
எலுமிச்சை ஜூஸ் போடணும். பாப்பா கட்டளை சொல்லணும். சொன்னதை மட்டும் அப்படியே செய்வேன். "பழத்தைப் பிழி"ன்னா. நறுக்காத முழுப் பழத்தை அமுக்கிட்டே நின்னேன். "அய்யோ, வெட்டுப்பா!" எதால? எங்கே? "தண்ணி ஊத்து"ன்னா, நிறுத்தச் சொல்ற வரைக்கும் ஊத்தினேன், மேடை பூரா தண்ணி. விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம் நோட்டை எடுத்து 14 வரியில் எழுதிக் கொடுத்தா.

26.
இதுதான் அல்காரிதம். வேலையைச் சின்னச் சின்னப் படியா உடைக்கிறது, வரிசைப்படுத்துறது, "எப்போ நிறுத்தணும்"னு சொல்றது, தப்பு வந்தா எந்த வரியில்னு தேடித் திருத்துறது. 36 ஆயிரம் ரூபாய் பாடத்திட்டத்தின் முதல் பகுதி இதுதான். நம்ம செலவு, ரெண்டு எலுமிச்சம்பழம். மேடையைத் துடைக்கிற வேலை தனி. கத்தி மட்டும் உங்க கையில் இருக்கட்டும்.

27.
விளையாட்டு ரெண்டு: போனில் கோலம்.
பாப்பாவின் ஆச்சி ஊரில் இருக்காங்க. ஸ்பீக்கரில் போட்டு, படம் காட்டாம வாயால மட்டும் கோலம் சொல்லணும். "நடுவுல 7 புள்ளி. ஊடுபுள்ளி. மேலயும் கீழயும் 4 வரைக்கும்." பாப்பா வச்சுக்கிட்டே போகணும். வைக்கிறதுக்கு முன்னாடியே மொத்தம் எத்தனை புள்ளின்னு சொல்லணும். 6, 5, 4 கூட்டினா 15. மேல் கீழ் ரெண்டு பக்கமும் 30. நடுவில் 7. மொத்தம் 37. வச்சு எண்ணிப் பார்த்து சரியா வந்தா, அந்த முகத்தைப் பாக்கணும்!

28.
கோலத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்னு சிரிக்காதீங்க. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவங்களோடு கமலா கிருதிவாசன், மூணு பேரும் 1974லேயே கோலத்தை வச்சு கணினி அறிவியல் ஆய்வுக் கட்டுரை எழுதினாங்க. கம்ப்யூட்டர் மொழிகளுக்கு இலக்கணம் இருக்கிற மாதிரி கோலத்துக்கும் இலக்கணம் எழுத முடியும்னு காட்டினாங்க. உலகம் பூரா மேற்கோள் காட்டுற வேலை அது.

29.
யோசிச்சுப் பாருங்க. நம்ம ஆச்சி வாசலில் தினமும் காலையில் போட்டது, ஒரு சின்ன வடிவத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பெருசாக்குற விதி. அந்த ஆச்சியைத் திண்ணையில் உக்கார வச்சுட்டு, "குழந்தைக்கு பேட்டர்ன் சொல்லித்தர" முகம் தெரியாத ஒருத்தருக்கு மாசாமாசம் பணம் கட்டுறோம். பையனும் போடணும், பொண்ணும் போடணும். கோலம் பொம்பளப் பிள்ளைக்கு மட்டும்னு எந்த இலக்கணத்திலும் இல்லை.

30.
விளையாட்டு மூணு: பிறந்த தேதி மேஜிக்.
பழைய கல்யாணப் பத்திரிகையில் 5 அட்டை வெட்டுங்க. ஒவ்வொண்ணிலும் ஒரு எண்: 1, 2, 4, 8, 16. இந்த அஞ்சில் சிலதைக் கூட்டினா 1 முதல் 31 வரை எந்த எண்ணையும் கொண்டுவரலாம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே ஒரு வழிதான். 19 வேணுமா? 16, 2, 1. குழந்தை தானா கண்டுபிடிக்கட்டும். நீங்க சொல்லாதீங்க, நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருங்க.

31.
அப்புறம், ஒவ்வொரு அட்டையிலும் அந்த அட்டை தேவைப்படும் எண்கள் எல்லாத்தையும் எழுதச் சொல்லுங்க. 19 என்ற எண் 16, 2, 1 அட்டைகளில் மட்டும் இருக்கும். இப்ப வீட்டுக்கு வரும் மாமாவிடம், "உங்க பிறந்த தேதி எந்தெந்த அட்டையில் இருக்கு?" அவர் காட்டின அட்டைகளின் முதல் எண்ணைக் கூட்டினா தேதி. மாமா அசந்துடுவார். கம்ப்யூட்டர் எண்களை இப்படித்தான் வச்சுக்குது. அட்டை இருக்கு, இல்லை. ஒண்ணு, சைபர்.

32.
விளையாட்டு நாலு: பேப்பர் ஸ்டெதாஸ்கோப்.
இது என் தொழில் ரகசியம். 1816இல் பாரிஸில் லேனெக் என்ற டாக்டர், ஒரு இளம்பெண்ணின் நெஞ்சில் காது வச்சுக் கேட்கத் தயங்கி, காகிதத்தைச் சுருட்டி வச்சுக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதை அதுதான். நீங்களும் கனமான காகிதத்தைக் குழலா சுருட்டுங்க. அமைதியான அறை. குழந்தை அம்மா நெஞ்சில் வச்சுக் கேட்கட்டும். லப்டப்.

33.
15 விநாடி எண்ணி நாலால் பெருக்கச் சொல்லுங்க. அப்புறம் அம்மா 20 தடவை குதிக்கணும். மறுபடி எண்ணு. தாத்தாவுக்கு எண்ணு. தனக்கு எண்ணிக்கோ. நோட்டில் கட்டம் போட்டு, கலர் பென்சிலில் பட்டையா வரை. யாருக்கு வேகம் அதிகம், ஏன், எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்கு வருது? அறிவியல், கணக்கு, படம், கருவி செய்றது, அந்த ஸ்டீமின் எல்லா எழுத்தும் இதில் இருக்கு. அம்மாவுக்கு உடற்பயிற்சி இலவசம்.

34.
விளையாட்டு அஞ்சு: எட்டு வயசுக்கு மேல், ஒரு எல்.இ.டி. விளக்கு.
எலக்ட்ரானிக்ஸ் கடையில் சிவப்பு எல்.இ.டி., 100 ஓம் ரெசிஸ்டர், ரெண்டு பென்சில் செல், கொஞ்சம் ஒயர். பட்டன் செல் வேண்டாம், ஏன்னு மேலே சொல்லிட்டேன். செல்லை ஒண்ணு பின்னால் ஒண்ணா வச்சு 3 வோல்ட். எல்.இ.டி.யின் நீளக் கால் பிளஸ் பக்கம். அப்படி வச்சா எரியும். திருப்பிப் போட்டா எரியாது. "ஏன்?" என்று குழந்தை கேட்கும் அந்த நிமிஷம்தான் பொறியியல். வீட்டுப் பிளக் பாயின்ட் பக்கம் மட்டும் எந்த விளையாட்டும் கூடாது.

35.
"அப்போ நிஜ கோடிங் எப்போ?" எட்டு, ஒன்பது வயசுக்கு மேல், குழந்தை கேட்டா. எம்.ஐ.டி. மீடியா லேப் 2007இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச் இருக்கு. முழுக்க இலவசம். கட்டைகளை அடுக்குற மாதிரி கட்டளைகளைக் கோத்து கதை, விளையாட்டு செய்யலாம். கம்ப்யூட்டரில் இறக்கி வச்சா இன்டர்நெட்டும் வேண்டாம். வாரம் ரெண்டு நாள், பக்கத்தில் நீங்களும் உக்காந்து. உங்களுக்குத் தெரியலைன்னாலும் பரவாயில்லை. "எனக்கும் தெரியாது, சேர்ந்து பாப்போம்" என்ற வார்த்தையை அப்பா வாயில் இருந்து கேட்பதே பெரிய பாடம்.

36.
இப்ப வரப்போற திட்டுகளுக்குப் பதில்.
"நீங்க டாக்டர், உங்க பிள்ளைக்கு எல்லாம் கிடைக்கும். ஏழை வீட்டுப் பிள்ளையைக் கோடிங் படிக்காதேன்னு சொல்ல நீங்க யாரு?" சரியான கோபம். ஏத்துக்கிறேன். நான் சொல்றது படிக்காதேன்னு இல்லை. காசு கொடுத்து ஏமாறாதேன்னு. கடன் வாங்குறது எப்பவும் அந்த நர்ஸ் மாதிரி வீடுகள்தான். எனக்கு 4,500 ரூபாய் தூசி படிஞ்சா கவலை இல்லை. அவங்களுக்கு 3,000 என்பது மாச மளிகை.

37.
ஏழைக் குழந்தைக்கு கோடிங் வேணும்னா அதைப் பள்ளிக்கூடத்தில் கேட்கணும். வரி கட்டுறோம், உரிமையோடு கேட்கலாம். 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கின வானவில் மன்றம் அரசுப் பள்ளி 6 முதல் 8 வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான். செய்து பார்த்துக் கத்துக்கும் அறிவியல், கணிதம். 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கான திட்டம். உங்க பிள்ளை பள்ளியில் கடைசியா எப்போ நடந்தது? பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்க. பெற்றோர் கேட்காத திட்டம் பேப்பரில் மட்டும்தான் ஓடும்.

38.
இன்னும் ரெண்டு பொக்கிஷம். ஐ.ஐ.டி. கான்பூரில் படிச்ச அர்விந்த் குப்தா, வாழ்நாள் பூரா குப்பையில் இருந்து அறிவியல் பொம்மை செய்றவர். 2018இல் பத்மஸ்ரீ. வால்வ் டியூப், தீக்குச்சி, உறிஞ்சுகுழல், இவ்வளவுதான் அவர் கிட். செய்முறைகளை எல்லாம் இணையத்தில் இலவசமா வச்சிருக்கார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' சிறுவர் இதழும் இருக்கு. ஒரு வருஷச் சந்தா, ஒரு மாச இ.எம்.ஐ.யில் சின்னப் பங்குகூட வராது.

39.
"இது ஏ.ஐ. காலம் டாக்டர், நீங்க எலுமிச்சம்பழம் பிழிஞ்சிட்டு இருக்கீங்க." நிரல் எழுதும் வேலையையே இன்னைக்கு ஏ.ஐ. செய்யுது. ஏழு வயசில் மனப்பாடமா இழுத்து விடும் அந்தக் கட்டளைகள் 2040இல் இருக்குமான்னு விக்கிறவருக்கே தெரியாது. கேள்வி கேட்கிறது, தெளிவா சொல்றது, தப்பைத் தேடித் திருத்துறது, இது மூணும் எந்தக் காலத்திலும் வேணும். அது மூணும் எலுமிச்சம்பழத்தில் இருக்கு.

40.
"எங்களுக்கு ஏது டாக்டர் நேரம்? ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம்." இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. 24 மணி நேர டியூட்டி முடிச்சு வந்து படுத்தா, பாப்பா எழுப்பினாலும் எழுந்திருக்காத நாள் எனக்கும் உண்டு. அந்தக் குற்ற உணர்ச்சியைத்தான் இவங்க மோப்பம் பிடிக்கிறாங்க. "நீங்க நேரம் கொடுக்க முடியாட்டி பரவாயில்லை, பணம் கொடுங்க." அங்கதான் மாட்டிக்கிறோம். வாரம் ஒரு மணி நேரம் முடியும்னா அது போதும். முடியலைன்னா பிள்ளையைத் தெருவில் விளையாட விடுங்க. அதுவும் கல்விதான்.

41.
ஏற்கெனவே மாட்டிக்கிட்டவங்களுக்கு: ஒப்பந்தத்தை முழுசாப் படிங்க. பணம் திருப்பித் தர மறுத்தா, எழுத்தில் கேளுங்க, போனில் மட்டும் பேசாதீங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, இலவசம். லோன் எந்த நிறுவனத்தின் பேரில் இருக்குன்னு பார்த்து அவங்களுக்கும் எழுதுங்க. தவணையை எழுத்துப்பூர்வமா எதுவும் முடிவாகாம நீங்களா நிறுத்திடாதீங்க, அது கிரெடிட் ஸ்கோரில் போய் விழும்.

42.
அந்த நர்ஸ் 1915இல் புகார் கொடுத்திருக்காங்க. இன்னும் பணம் வரலை. இந்த மாசத் தவணையும் போச்சு. ஆனா அன்னைக்கு ராத்திரி அவங்க கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிட்டேன்: "சிஸ்டர், உங்க பையன் மூளைக்கு ஒண்ணும் ஆகாது." அவங்க கண் கலங்கினாங்க. இத்தனை மாசமா அந்தப் பயத்தைச் சுமந்துக்கிட்டு எத்தனை ஊசி போட்டாங்களோ, எத்தனை டிரிப் ஏத்தினாங்களோ.

43.
பேப்பர் ஸ்டெதாஸ்கோப் செய்றதைச் சொல்லிக் கொடுத்தேன். போன வாரம் டியூட்டியில் பார்த்தப்போ சொன்னாங்க, "நைட் முடிச்சு வீட்டுக்குப் போனா, பையன் பள்ளிக்கூடம் கிளம்புறதுக்கு முன்னாடி என் நெஞ்சுல குழலை வச்சு எண்ணுறான் சார். நோட்ல தேதி போட்டு எழுதுறான். மாடிப்படி ஏறி வந்தா 104, ஒரு டம்ளர் தண்ணி குடிச்சு உக்காந்தா 82னு கண்டுபிடிச்சிருக்கான்." யாரும் சொல்லிக் கொடுக்கலை. அவனா கண்டுபிடிச்சது.

44.
அவனுக்கு வயசு ஏழு. அவன் எங்கேயும் பின்தங்கலை. பின்தங்கிடுவான்னு சொல்லி அவன் அம்மாவிடம் வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுங்கடா என்பதுதான் என் ஒரே கோரிக்கை. மத்த பெற்றோருக்கு: அடுத்த போன் வந்தா, "டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், மூளை நல்லா இருக்குன்னு சொல்லிட்டார்"னு சொல்லி வச்சிடுங்க. நாளைக்கு டியூட்டி இருக்கு, கமெண்டுக்குப் பதில் லேட்டா வரும்.